40 பேருக்குச் சமைக்க வார்ப்பிரும்புச் சட்டி: எத்தனை லிட்டரில் வாங்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை உறவும் நட்புமாகச் சேர்ந்து 40 பேர் சாப்பிடுகிறோம். பெரியவர்கள் 30, பிள்ளைகள் 10. இதுவரை நான்கு அலுமினியப் பாத்திரங்களில் பிரித்துப் பிரித்துச் சமைத்தோம். ஒன்றில் உப்பு கூடிவிடுகிறது, ஒன்று அடிப்பிடிக்கிறது, கடைசிப் பாத்திரத்துக்கு வருவதற்குள் முதல் பாத்திரம் ஆறிவிடுகிறது. இந்த அலைச்சலே வேண்டாம், ஒரே பெரிய வார்ப்பிரும்புச் சட்டியாக வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். சூடு நிற்கும், தலைமுறைக்கும் உழைக்கும் என்கிறார்கள்.

பார்த்து வைத்திருப்பது 25 லிட்டர் சட்டி. வாய் அகலம் 43 செ.மீ., ஆழம் 20 செ.மீ., மூடியோடு எடை 25 கிலோ. பெரும்பாலும் பயறும் காய்கறியும் போட்ட கெட்டிக் குழம்புதான் அதில் வைப்போம், சோறு தனியாக வடிப்போம். சில மாதம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே சட்டியில் முடிப்பதும் உண்டு. மூன்று பர்னர் உள்ள வீட்டு கேஸ் அடுப்பு இருக்கிறது. தரையில் வைக்கிற தனி பர்னர் ஒன்றும் உண்டு. தூக்க நானும் மகனும் இருக்கிறோம்.

25 போதுமா? இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று 30-க்குப் போய்விடலாமா?

பதில் 1

30 வாங்கிவிடுங்கள். பெரிய சட்டியில் குறைவாகவும் சமைக்கலாம், சின்னச் சட்டியில் கூடுதலாகச் சமைக்க முடியாது. வார்ப்பிரும்பு ஒருமுறை வாங்குவதுதான், இதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பதில் 2

கொஞ்சம் பொறுங்கள். 30-ம் வேண்டாம், 25-ம் வேண்டாம். கிட்டத்தட்ட இதே மாதிரி, 24 லிட்டரில், வாய் 42 செ.மீ. அகலத்தில் ஒரு சட்டி என்னிடம் இருந்தது. அதற்கு என்ன ஆனது என்று சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

14 வருடமாகக் கூட்டத்துக்குச் சமைக்கிறேன். சில நாள் 25 பேர் இருப்பார்கள், சில நாள் 60 பேர். அந்தச் சட்டியை வாங்கியதும் முதல் வேலையாக 45 பேருக்குப் பயறு வைத்தேன். வீட்டு அடுப்பில்தான், இருப்பதில் பெரிய பர்னரில். ஒரு மணி நேரம் தாண்டியும் ஓரத்தில் ஒரு குமிழி வரவில்லை. நடுவில் மட்டும் கொதி புரண்டுகொண்டிருந்தது. துடுப்பை விட்டுக் கிளறினால் நடுவில் மட்டும் சொரசொரவென்று எதிலோ தேய்ந்தது. அப்போதே நெஞ்சு திக்கென்றது. தீயை அணைத்துவிட்டு, மேலாக இருந்ததை எல்லாம் மொண்டு வேறு பாத்திரங்களுக்கு மாற்றினேன். அடியில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். கையை விரித்து அளந்தேன், அது பர்னரின் வட்டமேதான், அச்சு எடுத்த மாதிரி. அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இரும்பில் ஒரு கறையும் இல்லை. அந்தப் பக்கத்துப் பயறு பல்லில் நறுக்கென்று கடிபட்டது.

கருகல் ஊறட்டும் என்று சூடு தணியாத சட்டியில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். 'டங்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் கழுவித் துடைத்து நகத்தால் தடவியபோதுதான் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தட்டுப்பட்டது. தண்ணீர் நிரப்பித் தாள் மேல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தாளில் நேர்கோடாக ஈரம் இறங்கியிருந்தது. அதோடு அந்தச் சட்டி முடிந்தது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் இருக்கிறது. அந்தக் கரிமம் இரும்புக்குள் மெல்லிய ஏடு ஏடாகப் படிந்து கிடப்பதால் அது எஃகு போல வளைந்து கொடுக்காது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் விரிசல் விட்டுவிடும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் சீக்கிரம் பரப்பாது. அலுமினியம் சூட்டைக் கடத்துகிற வேகத்தில் நான்கில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. 'இரும்பில் சூடு சீராக இருக்கும்' என்று பலர் சொல்கிறார்கள். கீழே தீ சீராக இருந்தால்தான் அது உண்மை. 36 செ.மீ. அடி உள்ள சட்டியை 12 செ.மீ. பர்னரில் வைத்தால், அடியின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குக்குத்தான் நேராகத் தீ கிடைக்கிறது. அதனால் சட்டி வாங்குமுன் அளக்க வேண்டிய முதல் பொருள் உங்கள் பர்னர். தீ வட்டத்தைவிடச் சட்டியின் அடி சுற்றிலும் 4, 5 செ.மீ. கூடுதலாக இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும்.

கண்ணாடி மேல்தட்டு உள்ள கேஸ் அடுப்பு என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அகலமான சட்டி தீயைக் கீழே மடக்கி அடிக்கும். கண்ணாடி சூடேறி வெடிக்கலாம், திருகு உருகலாம். உங்களுடையது எந்த வகை என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லிட்டர் கணக்கு. தலையை எண்ணாமல் பங்கை எண்ணுங்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பங்கு என்று வைத்தால் உங்களுக்கு 35 பங்கு. சோற்றோடு சேரும் கெட்டிக் குழம்பு என்றால் பங்குக்கு 250 மில்லி, 35 பங்குக்கு 8.75 லிட்டர். இரண்டாம் முறை கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சேர்த்து 10 லிட்டர். சட்டியை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அதற்கு மேல் போனால் கிளறும்போது வழியும், பயறு நுரைத்துப் பொங்கும். ஆக 10 லிட்டர் குழம்புக்கு 13, 14 லிட்டர் இடம் வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எல்லாம் ஒரே சட்டியில் என்கிற நாளில் பங்குக்கு 450 மில்லி, கூடுதலும் சேர்த்து 18 லிட்டர் வரும். அதற்குத்தான் 24 லிட்டர் கொள்ளளவு தேவை. மாதாமாதம் தேவைப்படுவது 14, எப்போதாவது தேவைப்படுவது 24. அந்த எப்போதாவதுக்காக மாதாமாதம் 25 கிலோ இரும்பைத் தூக்குவதா?

எடையையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். சட்டி 25 கிலோ, உள்ளே 18 லிட்டர் சாப்பாடு, மொத்தம் 43 கிலோ. அதுவும் கொதிக்கக் கொதிக்க, இரண்டு காதுகளில் இரண்டு பேர், குனிந்த நிலையில், கைத்துணி நழுவக் கூடாது, இருவரும் ஒரே நொடியில் நிமிர வேண்டும். நான் அதைச் செய்திருக்கிறேன். உங்கள் மகனை அதில் நிறுத்தாதீர்கள்.

நேரத்திலும் பெரிய சட்டி தோற்றுவிடும். வீட்டு பர்னர் 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம், அதில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகும். 18 லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, இரும்பு குடிக்கிற சூட்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையே 9, 9 லிட்டராக இரண்டு சட்டியில், அதே மாதிரி இரண்டு பர்னரில் வைத்தால் அரை மணிக்குக் கொஞ்சம் கூட.

ஆகவே நான் சொல்வது, 12 லிட்டரில் இரண்டு. இன்று என்னிடம் இருப்பதும் அதுதான். வாய் 34 செ.மீ., ஆழம் 14 செ.மீ., மூடியோடு 13 கிலோ. மூடி மட்டுமே 4 கிலோ. மூடியை எடுத்துவிட்டால் நிரம்பிய சட்டியை இருவர் பதறாமல் நகர்த்தலாம். இரண்டிலும் உப்பு வேறுபடும் என்று பயப்படுகிறீர்கள். உப்பையும் பொடிகளையும் மொத்தமாக நிறுத்து, சரிபாதியாகப் பிரித்து இரண்டு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கண்ணளவு ஒரு சட்டிக்கு ஒத்துவரும். இரண்டு சட்டி என்றால் தராசுதான்.

சோற்றை இரும்பில் வைக்காதீர்கள். 35 பங்குக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் அரிசி, வெந்தால் 12 லிட்டர் அளவுக்கு வரும். அத்தனை கனமான சட்டியைச் சாய்த்து வடிப்பது கை வெந்துபோகிற வேலை. சோற்றுக்கு அலுமினியமே நல்லது.

பதில் 3

மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வார்ப்பிரும்பில் சூடு நிற்கும் என்பது சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் நல்லது. மீந்ததை அதே சட்டியில் மூடி இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கனத்த இரும்பில் பத்து லிட்டர் குழம்பு அந்த இடைவெளியில் பல மணி நேரம் கிடக்கும். தொழில்முறைச் சமையலறைகளில் பின்பற்றுவது இது: 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அகலத் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஆற வைத்தால் இது முடியும், சட்டியிலேயே வைத்தால் முடியாது. சூடான சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆற்றவும் முடியாது. அந்த 'டங்' கதையைத்தான் மேலே படித்தோமே.

புளிப்பும் கவனம். தக்காளி, புளி, வினிகர் சேர்ந்த குழம்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் பழக்கிய, அதாவது எண்ணெய் தடவிச் சூடேற்றி இறுக வைத்த, பூச்சு கரைந்து இரும்பு வாடை ஏறும். புளிப்பை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்பு சேருங்கள். அடிக்கடி புளிப்புக் குழம்புதான் என்றால் இரண்டில் ஒன்றை எனாமல் பூச்சு உள்ளதாக வாங்கலாம். ஆனால் எனாமல் சட்டியை வெறுமனே சூடாக்கக் கூடாது, கீழே போட்டால் சில்லு தெறிக்கும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா. 25 லிட்டர் சட்டியை அப்படியே விட்டுவிட்டேன். பர்னரை அளந்தேன். வீட்டு அடுப்பில் பெரியது 11 செ.மீ., தரை பர்னர் 20 செ.மீ. வீட்டு அடுப்பு கண்ணாடி மேல்தட்டுதான், நல்ல வேளை கேட்டேன்.

இரண்டு சந்தேகம். சில கடைகளில் 12 அங்குலம், 14 அங்குலம் என்றுதான் சொல்கிறார்கள், லிட்டர் கேட்டால் முழிக்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்து, இவ்வளவு பெரிய சட்டியை எப்படிப் பழக்குவது? எந்த ஓவனிலும் நுழையாதே.

பதில் 2 எழுதியவர்

தம்பி, 11 செ.மீ. பர்னரில் 12 லிட்டர் சட்டி வேண்டாம். இரண்டையும் தரையில் வையுங்கள், அதற்கு இதே 20 செ.மீ. பர்னர் இன்னும் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். சட்டியை முடிவு செய்யுமுன் அதை முடிவு செய்யுங்கள். அந்த பர்னரின் தாங்கி எத்தனை கிலோ தாங்கும் என்றும் கேளுங்கள். நிரம்பிய சட்டி 22 கிலோ வரும். தாங்கியின் கால்கள் அகன்று, தரையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

அங்குலம் என்பது வாயின் அகலம். அதை வைத்து மட்டும் கொள்ளளவு தெரியாது. மூடியோடு வரும் கேம்ப் வகைச் சட்டிகளில் (வெளியிடங்களில் கரி நெருப்பில் வைப்பவை) 12 அங்குலம் என்பது வழக்கமாக 5.7 லிட்டர், அதே அகலத்தில் ஆழமாக வருவது 7.6 லிட்டர். 14 அங்குலத்திலும் சாதாரணம் 7.6, ஆழமானது 9.5. 16 அங்குலம் 11.4 லிட்டர். ஒரே அகலத்தில் இரண்டு லிட்டர் வித்தியாசம் இருப்பதைப் பாருங்கள். சிலவற்றில் குவார்ட் என்று போட்டிருக்கும், ஒரு குவார்ட் 0.946 லிட்டர். மூன்று கால் பானைகளில் எண் மட்டும் இருக்கும், அந்த எண்ணை லிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். எது எப்படியானாலும் எழுதியிருப்பது விளிம்பு தளும்ப நிரப்பினால் பிடிக்கிற அளவு. அதில் முக்காலைத்தான் நீங்கள் சமைக்கிறீர்கள். நான் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி எண்ணிவிடுவேன். கடைக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பிறகு ஒரு வாளி தண்ணீரை அவர்களே எடுத்துத் தருவார்கள்.

ஊற்றிய தண்ணீரைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அடியில் ஈரம் கசிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். காலியான சட்டியைத் தூக்கிப் பிடித்து மரக் கரண்டியால் பக்கத்தில் தட்டுங்கள். நல்ல சட்டி மணி போல நீண்டு ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக நின்றுபோகும். சமதளத்தில் வைத்து ஓர் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். காதுக்குள் கைத்துணியோடு நான்கு விரலும் போக வேண்டும். அழகாக இருக்கிறது என்று சின்னக் காது உள்ள சட்டியை நான் ஒருமுறை வாங்கிவிட்டேன். இரண்டு விரல்தான் நுழைந்தது, கொதிக்கும் குழம்போடு இரண்டு விரலில் தூக்க முடியாது.

பழக்குவதற்கு ஓவன் தேவையில்லை, உங்கள் தரை பர்னரே போதும். கழுவியதும் துணியால் துடைத்து, சிறு தீயில் வைத்து ஈரம் முழுக்கப் போகவிடுங்கள். கை பொறுக்கும் சூடு இருக்கும்போது சமையல் எண்ணெயைத் தொட்டு உள்ளும் புறமும் மூடியிலும் தடவுங்கள். இனி வருவதுதான் முக்கியம். தடவிய எண்ணெயை, தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்கு வேறு ஒரு காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். திட்டுத் திட்டாக விட்டால் அது இறுகாது, பிசின் போல ஒட்டிக்கொண்டு முதல் குழம்பிலேயே உரிந்து வரும். பிறகு திறந்தவெளியில், சட்டியைக் கவிழ்த்து பர்னரில் வைத்து மெல்ல மெல்லத் தீயை ஏற்றுங்கள். புகை கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். அடங்கினால் எண்ணெய் இறுகிப் பூச்சாகிவிட்டது என்று பொருள். தீ எல்லாப் பக்கமும் ஒன்றுபோல எட்டாது என்பதால், கனமான கையுறை போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்ப வேண்டும். நான் காதுக்கு நேரே சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அப்போது எந்தப் பக்கம் வெந்தது, எது மீதி என்று குழப்பம் வராது. தானாகவே முழுக்க ஆறட்டும். இதை மூன்று முறை செய்யுங்கள். நிறம் சாம்பலிலிருந்து பழுப்பாகி, பிறகு கறுப்பாகும்.

முதல் இரண்டு மூன்று சமையலுக்குப் பயறு வேண்டாம். எண்ணெய் சேர்த்து வதக்குகிற எதையாவது செய்யுங்கள், பூச்சு இன்னும் உறுதிப்படும். கூட்டத்துக்குச் சமைக்கும் நாளுக்கு முன்பாக ஒருமுறை, 5 லிட்டர் தண்ணீரை மட்டும் வைத்து, தரை பர்னரில் எத்தனை நிமிடத்தில் கொதி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சமையலன்று அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்க வேண்டும் என்பதை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிவிடலாம். கழுவ வெந்நீர் ஒரு பாத்திரம் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும், சட்டி சூடாக இருக்கும்போது அதைத் தவிர வேறு தண்ணீர் அதில் படக் கூடாது.

கேள்வி கேட்டவர்

குறித்துக்கொண்டேன் அக்கா. 20 செ.மீ. பர்னர் இன்னொன்றுக்குச் சொல்லியாயிற்று, தாங்கி 50 கிலோ வரை தாங்குமாம். சனிக்கிழமை லிட்டர் பாட்டிலோடு கடைக்குப் போகிறேன். மகன் மரக் கரண்டியை இப்போதே பையில் போட்டுவிட்டான்.